காமா கதிரின் ஆற்றலை அளக்கும் படிகமும் சிலிக்கானும்

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகள் விபத்துக்குள்ளானபோது, காற்றில் கலந்து பின்னர் வயல்களிலும் காடுகளிலும் படிந்த கதிரியக்கப் பொருள்களில் நெடுநாள் கவலை தந்தவை சீசியம்-134, சீசியம்-137 என்னும் இரண்டாகும். இரண்டும் ஏறத்தாழ ஒரே கதிரியக்க அளவில் வெளியேறின. ஆனால் முன்னதன் அரைவாழ்வு இரண்டு ஆண்டு, பின்னதன் அரைவாழ்வு முப்பது ஆண்டு. ஆகவே ஒரு நிலத்தின் கதிர்வீச்சு பத்தாண்டுகளில் எவ்வளவு குறையும் என்று சொல்ல வேண்டுமானால், அந்த மண்ணில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தறிந்தாக வேண்டும். கெய்கர் எண்ணியால் இதைச் செய்ய முடியாது. கதிர் ஒன்று வந்தது என்பதை மட்டுமே அது சொல்லும், வந்த கதிரின் ஆற்றலைச் சொல்லாது. சீசியம்-137 இன் காமா கதிர் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிர்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுடன் வருகிறது. சீசியம்-134 தரும் கதிர்களில் முதன்மையானவை 605, 796 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டவை. 605க்கும் 662க்கும் உள்ள இடைவெளி 57. அந்த இடைவெளியைக் காணக்கூடிய கருவியே மண்ணில் என்ன இருக்கிறது என்பதைக் கூற முடியும்.

இவ்வகைக் கருவிகளில் கையில் எடுத்துச் செல்லத்தக்க பலவற்றின் உள்ளே இன்று இருப்பவை இரண்டே பொருள்கள்: கனமான ஒரு படிகம், அதன் ஒரு முகத்தில் ஒட்டப்பட்ட ஒரு சிலிக்கான் சில்லு. படிகம் காமா கதிரை ஒளியாக மாற்றுகிறது, சிலிக்கான் அந்த ஒளியை மின்னூட்டமாக மாற்றுகிறது. சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த இணைப்பில் எந்தப் படிகத்துக்கு எந்தச் சிலிக்கான் பொருந்தும் என்பதே உண்மையான கேள்வி. படிகத்தை மட்டும் பார்த்தோ சில்லை மட்டும் பார்த்தோ ஒரு கருவியின் தரத்தை மதிப்பிட முடியாது.

சிலிக்கானை மட்டும் வைத்து ஏன் அளக்கக் கூடாது என்ற ஐயம் முதலில் எழும். சிலிக்கான் மிகச் சிறந்த கதிர் உணரிதான். அதில் 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் படிந்தாலே ஓர் எலக்ட்ரான்–துளை இணை, அதாவது விடுபட்ட ஓர் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும், உருவாகிவிடும். குறை என்னவெனில், சிலிக்கானின் அணு எண் 14 மட்டுமே, அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம்தான். வழக்கமான 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள சில்லின் மீது 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் ஆயிரம் விழுந்தால், ஐந்தாறு மட்டுமே அதனுடன் வினைபுரியும், மற்றவை ஒன்றுமே நேராததுபோல் கடந்து போய்விடும். வினைபுரிந்தவையும் தம் ஆற்றலின் ஒரு பகுதியையே அங்கே விட்டுச் செல்லும். சீசியம் அயோடைடு படிகத்திலோ சீசியத்தின் அணு எண் 55, அயோடினின் அணு எண் 53, அடர்த்தி 4.51. அதில் ஒரு சென்டிமீட்டர் தடிப்பே அதே கதிர்களில் பத்துக்கு மூன்றைத் தடுத்து வினைபுரிய வைத்துவிடுகிறது.

படிகத்துக்குள் நுழையும் காமா கதிர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் தன் ஆற்றலை இழக்கிறது. ஒளிமின் விளைவில் முழு ஆற்றலும் ஓர் அணுவின் எலக்ட்ரானுக்குப் போய்ச் சேர்ந்து, கதிர் மறைந்துவிடும். இந்த விளைவின் வாய்ப்பு அணு எண்ணின் நான்காம் அல்லது ஐந்தாம் அடுக்கில் ஏறுவதால்தான் கனமான தனிமங்கள் தேவைப்படுகின்றன. காம்ப்டன் சிதறலில் கதிர் ஓர் எலக்ட்ரானை மோதி, ஆற்றலின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வேறு திசையில் திரும்பிப் போகும். அது படிகத்துக்குள்ளேயே மீண்டும் சிக்கினால் முழு ஆற்றலும் பதிவாகும், வெளியே தப்பினால் குறைபட்ட அளவே பதிவாகும். அதனால்தான் சீசியம்-137 இன் நிறமாலையில், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் பதிவாயின என்று காட்டும் வரைபடத்தில், 662 இல் ஒரு முகடும், அதற்குக் கீழே 477 வரை நீளும் ஒரு மேடும் காணப்படுகின்றன. 477 என்பது கதிர் நேர்பின்னாகத் திரும்பும்போது எலக்ட்ரானுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச ஆற்றல். 1022 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் இருந்தால் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாக்கம் என்னும் மூன்றாவது வழியும் திறக்கிறது.

எந்த வழியானாலும் விளைவு ஒன்றுதான்: வேகம் பெற்ற ஓர் எலக்ட்ரான் படிகத்துக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் ஓடி, வழியெல்லாம் எலக்ட்ரான்–துளை இணைகளை எழுப்பிவிட்டு நின்றுபோகிறது. தூய படிகத்தில் இந்த இணைகள் மீண்டும் சேரும்போது ஒளி எழுந்தாலும், அறை வெப்பநிலையில் அது மிகக் குறைவு. ஆகவே படிகத்தை வளர்க்கும்போதே மிகச் சிறிய அளவில் தாலியம் சேர்க்கிறார்கள். தாலியம் அயனிகள் படிகத்தின் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளிக்குள் (தூய படிகத்தில் எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் வரம்புக்குள்) தமக்கெனச் சில படிநிலைகளை அமைக்கின்றன. அலையும் எலக்ட்ரானும் துளையும் அங்கே பிடிபட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தம் ஆற்றலை வெளியிடுகின்றன. அந்த ஒளியின் ஆற்றல் படிகத்தின் இடைவெளியைவிடக் குறைவானது. ஆகவே படிகமே அதை மீண்டும் விழுங்கிவிட முடியாது. தன் ஒளிக்குத் தானே தெளிந்த கண்ணாடியாக இருப்பதுதான் சிண்டிலேட்டர் எனப்படும் இந்த ஒளிர்படிகங்களின் உயிர்ப்பண்பு.

தாலியம் கலந்த சீசியம் அயோடைடு ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 54,000 ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, தருகிறது. அவற்றின் அலைநீளம் 550 நானோமீட்டரை ஒட்டியது, அதாவது பச்சை கலந்த மஞ்சள். ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் 2.25 எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால், காமா கதிரின் ஆற்றலில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே ஒளியாகிறது என்பது புலப்படும். மற்றதெல்லாம் படிகத்தின் அதிர்வுகளாக, வெப்பமாகக் கரைந்து போகிறது. ஆனாலும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்று சுமார் 36,000 ஃபோட்டான்களை எழுப்புகிறது. அதில் பாதி ஆற்றலுள்ள கதிர் ஏறத்தாழ பாதி எண்ணிக்கையை எழுப்பும். ஆற்றலை அளப்பது என்னும் வேலை, ஃபோட்டான்களை எண்ணும் வேலையாக மாறிவிட்டது.

எண்ணும் பொறுப்பை முதலில் ஏற்றது மனிதக் கண். 1903இல் வில்லியம் குரூக்ஸ் துத்தநாக சல்ஃபைடு திரையில் ஆல்ஃபா துகள்கள் விழும்போது எழும் சிறு ஒளிப்பொறிகளைப் பார்த்தார். ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கெய்கரும் மார்ஸ்டனும் 1909இல் அணுக்கருவின் இருப்புக்கு வழிகாட்டிய சோதனைகளைச் செய்தபோது, இருட்டறையில் அமர்ந்து நுண்ணோக்கி வழியாக அப்பொறிகளைக் கண்ணால்தான் எண்ணினார்கள். 1940களில் ஒளிப்பெருக்கிக் குழாய் கண்ணின் இடத்தைப் பிடித்தது. 1948இல் ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தின் திறனை வெளிக்காட்டியதும், இந்த இணை காமா அளவியலின் அடித்தளமாகிவிட்டது. இன்றும் பல ஆய்வகங்களில் அதுவே நிற்கிறது.

ஒளிப்பெருக்கிக் குழாயின் வேலை அழகானது. வெற்றிடக் கண்ணாடிக் குழாயின் முகப்பில் பூசப்பட்ட மெல்லிய படலத்தில் ஃபோட்டான் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் வெளிப்படும். அடுத்தடுத்து வைத்த உலோகத் தகடுகளில் அது மோதி மோதிப் பெருகி, கடைசியில் பத்து லட்சம் எலக்ட்ரான்களாக வெளியே வரும். இவ்வளவு பெருக்கத்தை இவ்வளவு குறைந்த இரைச்சலுடன் தரும் வேறு வழி நீண்ட காலம் இருக்கவில்லை. ஆனால் அதற்கு ஆயிரம் வோல்ட் அளவில் உயர் மின்னழுத்தம் வேண்டும். கண்ணாடி என்பதால் உடையும், இடம் அடைக்கும். எலக்ட்ரான்கள் வெற்றிடத்தில் பறந்து செல்வதால் ஓரளவு காந்தப்புலமே அவற்றின் பாதையைக் கெடுத்துவிடும். முகப்புப் படலமும் நீல ஒளிக்கே நன்கு மசியும். 420 நானோமீட்டரில் நான்கில் ஒரு ஃபோட்டானைப் பிடிக்கும் வழக்கமான படலம், 550 நானோமீட்டரில் பெரும்பாலானவற்றைத் தவறவிடுகிறது. சோடியம் அயோடைடு 415 நானோமீட்டரில் ஊதா கலந்த நீலமாக ஒளிர்வதால் குழாயுடன் நன்கு பொருந்தியது. சீசியம் அயோடைடு அதைவிட அதிக ஃபோட்டான்களைத் தந்தும், குழாயில் பொருத்தினால் சோடியம் அயோடைடு தரும் குறிகையில் பாதியைக்கூட எட்டவில்லை.

இந்தத் தலைகீழ் நிலையை நேராக்கியது சிலிக்கான் ஒளி டையோடு. பின்னோக்குச் சார்பில் மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட, 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிலிக்கானில் 550 நானோமீட்டர் ஒளி விழும்போது, பத்தில் எட்டு ஃபோட்டான்கள் ஆளுக்கோர் எலக்ட்ரானை விடுவிக்கின்றன. குழாயால் மதிக்கப்படாமல் இருந்த சீசியம் அயோடைடு இங்கே முதலிடத்துக்கு வந்தது. படிகத்தின் மறுமுகங்களில் வெள்ளை டெஃப்ளான் நாடாவைச் சுற்றி ஒளியைத் திருப்பி அனுப்பி, படிகத்துக்கும் சில்லுக்கும் நடுவே காற்று இல்லாமல் ஒளியியல் பசையைத் தடவி ஒட்டினால், ஒரு கன சென்டிமீட்டர் படிகத்தில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்றுக்குச் சுமார் 20,000 எலக்ட்ரான்கள் கிடைக்கும். பசை ஒரு சிறு விவரம்போலத் தோன்றலாம். அது இல்லாவிட்டால் படிகத்தின் உயர்ந்த ஒளிவிலகல் எண் காரணமாக ஒளியின் பெரும்பகுதி முகப்பில் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல கருவிகளில் பகுதிறன், அதாவது நெருங்கிய ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன், கெடுவதற்கு மின்னணுவியல் காரணமாக இருப்பதில்லை, இந்த ஒட்டின் குறையே காரணமாக இருக்கிறது.

20,000 எலக்ட்ரான்கள் என்பது பெரிய எண்ணாகத் தோன்றினாலும், டையோடு அதைச் சிறிதும் பெருக்குவதில்லை. எல்லாப் பெருக்கத்தையும் வெளியே உள்ள மின்னூட்டப் பெருக்கி செய்தாக வேண்டும், அதற்கோ தனக்கென்று இரைச்சல் உண்டு. இரைச்சல் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று டையோடின் மின்தேக்குத்திறன், மற்றொன்று அதன் கசிவு மின்னோட்டம். ஒரு சதுர சென்டிமீட்டர் டையோடுக்கு 40 பைக்கோஃபாரடு அளவு மின்தேக்குத்திறன் இருக்கும், அதனால் எழும் இரைச்சல் சில நூறு எலக்ட்ரான்கள் அளவில் நிற்கும். அதை 500 என்று கொண்டால், 662க்கு அது பெரும் தடையாக இருப்பதில்லை. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரோ 900 எலக்ட்ரான்களையே தருவதால் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஒளியை அதிகம் பிடிக்க டையோடின் பரப்பைக் கூட்டினால் மின்தேக்குத்திறனும் கூடி இரைச்சலும் ஏறும். பெரிய படிகத்தைச் சிறிய டையோடுடன் இணைத்தால் ஒளி வீணாகும். ஒளி டையோடு கருவிகள் பெரும்பாலும் சிறு படிகங்களுடனே நின்றுவிட்டதன் காரணம் இதுவே. இன்னொரு தொல்லையும் உண்டு. படிகத்தைத் தவிர்த்து நேராக டையோடிலேயே விழுந்து சிக்கும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் ஒன்று 16,500 எலக்ட்ரான்களை எழுப்பிவிடும். கருவியின் கணக்கில் அது 550 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிராகவே தோன்றும்.

இவ்வளவு குறைகளையும் மீறி, சரியான இடத்தில் ஒளி டையோடு ஈடிணையற்றது என்பதற்கு விண்ணில் சான்று இருக்கிறது. 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மி காமா கதிர் விண்தொலைநோக்கியின் முதன்மைக் கருவியில், 1536 சீசியம் அயோடைடு கட்டைகள் எட்டு அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கட்டையும் 32.6 சென்டிமீட்டர் நீளம், 2.7 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் தடிப்பு கொண்டது. ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளிலும் பெரியதும் சிறியதுமாக இரண்டு ஒளி டையோடுகள் உள்ளன. பெரியது 2 மில்லியனிலிருந்து 160 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரையிலான படிவுகளையும், சிறியது 10 கோடியிலிருந்து 7000 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரையிலானவற்றையும் அளக்கின்றன. இரு முனைகளிலும் வந்துசேர்ந்த ஒளியின் வேறுபாட்டைக்கொண்டு கட்டையின் நீளத்தில் கதிர் எங்கே வினைபுரிந்தது என்பதையும் கணிக்கிறார்கள். இங்கே அளக்கப்படும் ஆற்றல் மிகப் பெரியதாகையால் டையோடின் சில நூறு எலக்ட்ரான் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. பெருக்கம் இல்லாத உணரியில் காலப்போக்கில் மாறக்கூடிய பெருக்கமும் இல்லை. பதினைந்து ஆண்டுகளைக் கடந்தும் அந்தக் கருவி இயங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, ஒளி டையோடைப் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்குவது சரியன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

டையோடுக்குள்ளேயே கொஞ்சம் பெருக்கத்தைக் கொண்டுவரும் முயற்சியின் விளைவு சரிவு ஒளி டையோடு. சிலிக்கானுக்குள் வலிமையான மின்புலத்தை அமைத்தால், அங்கே விரையும் எலக்ட்ரான் மோதி வேறு எலக்ட்ரான்களை விடுவிக்கும், அவையும் பெருகும். ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் சிஎம்எஸ் என்னும் துகள் கண்டறியும் கருவியில், நடுப்பகுதியின் 61,200 காரீய டங்ஸ்டேட் படிகங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய சில்லுகள் இரண்டிரண்டாக ஒட்டப்பட்டு, 50 மடங்குப் பெருக்கத்தில் இயங்கின. ஹிக்ஸ் துகள் இரண்டு காமா ஃபோட்டான்களாகச் சிதைவதை 2012இல் அங்கே கண்டது இந்தப் படிகங்களின் வழியேதான். ஆனால் சில நூறு மடங்குக்கு மேல் இவ்வழியில் போக முடிவதில்லை. பெருக்கமே சீரற்றுத் தள்ளாடி, தானே ஓர் இரைச்சலாகிவிடுகிறது.

அடுத்த அடி துணிச்சலானது. மின்னழுத்தத்தை முறிவு மின்னழுத்தத்துக்கும் (சரிவு தானே தொடரத் தொடங்கும் எல்லைக்கும்) மேலே ஏற்றிவிட்டால், ஒரே ஓர் எலக்ட்ரானே தானாக நிற்காத சரிவைத் தொடங்கிவிடும். தொடர் மின்தடை ஒன்றை வைத்தால், பாயும் மின்னோட்டமே சில்லின் மீதுள்ள மின்னழுத்தத்தை முறிவு நிலைக்குக் கீழே இறக்கிச் சரிவை அணைத்துவிடும். சில பத்து நானோ நொடிகளில் சில்லு மீண்டும் தயாராகும். கெய்கர் எண்ணியின் இயக்கத்தை நிகர்த்தது இது. ஒரு ஃபோட்டான் வந்தாலும் நூறு வந்தாலும் எழும் துடிப்பு ஒன்றே. ஆற்றலை அளக்க இது உதவாது என்று தோன்றும். ஆனால் மழைநீரைப் பிடிக்க ஒரு பெரிய அண்டாவுக்குப் பதிலாக முற்றம் முழுவதும் ஆயிரக்கணக்கில் சின்னஞ்சிறு சிமிழ்களைப் பரப்பி, நனைந்த சிமிழ்களை எண்ணினால் மழையின் அளவு தெரிந்துவிடுவதைப்போல, சில்லின் பரப்பையே ஆயிரக்கணக்கான நுண்ணறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை கொடுத்து, எல்லாவற்றின் துடிப்பையும் ஒரே கம்பியில் கூட்டினால், எத்தனை அறைகள் சரிந்தனவோ அந்த எண்ணிக்கை வெளியே வரும். இதுவே சிலிக்கான் ஒளிப்பெருக்கி. 1990களில் ரஷ்யாவில் விக்டர் கொலோவின், ஜிராதின் சாதிகோவ், போரிஸ் டோல்கோஷெய்ன் ஆகியோர் தொடர்புடைய ஆய்வுகளில் இது உருப்பெற்றது.

6 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சில்லில் 35 மைக்ரோமீட்டர் அளவில் 22,000 அறைகள் வரை அடங்கும். 30 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தமே அதற்குப் போதும். ஓர் அறை சரிந்தால் சில பத்து லட்சம் எலக்ட்ரான்கள் வெளிவரும். ஒளி டையோடைத் திணறவைத்த சில நூறு எலக்ட்ரான் இரைச்சல் இதன் முன் தூசி. தனித்தனி ஃபோட்டான்களையே, ஒன்று இரண்டு மூன்று என்று அலைக்காட்டியில் பிரித்துப் பார்க்கலாம். காந்தப்புலம் இதைப் பாதிப்பதில்லை. 420 நானோமீட்டரில் வந்து விழும் ஃபோட்டான்களில் பாதியைப் பிடித்துவிடுகிறது. அதனால் சோடியம் அயோடைடு, லுட்டீசியம் அடிப்படையிலான படிகங்கள் போன்ற நீல ஒளிப் படிகங்கள் மீண்டும் முன்னுக்கு வந்தன. சீசியம் அயோடைடின் மஞ்சள் ஒளியைச் சற்றுக் குறைவாகவே பிடித்தாலும், பெருக்கம் அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகிறது.

ஆனால் ஓர் எலக்ட்ரான் போதும் என்னும் பண்பே அதன் பலவீனமும் ஆகிறது. அந்த எலக்ட்ரானை ஒளிதான் விடுவிக்க வேண்டும் என்பதில்லை, வெப்பமும் விடுவிக்கலாம். அறை வெப்பநிலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை அறைகள் ஒளியே இன்றித் தாமாகச் சரிகின்றன. 6 மில்லிமீட்டர் சில்லில் இது நொடிக்கு பதினெட்டு முதல் முப்பத்தாறு லட்சம். கேட்பதற்கு அச்சம் தரும் இந்த எண், காமா அளவீட்டில் பெரிதாகத் தொல்லை தராததற்குக் காரணம் படிகத்தின் ஒளி குறுகிய நேரமே நீடிப்பது. சீசியம் அயோடைடின் ஒளி ஒரு மைக்ரோ நொடியில் பெரும்பகுதி தணிந்துவிடுகிறது. மூன்று மைக்ரோ நொடிச் சாளரத்தில் எழும் வெற்றுச் சரிவுகள் ஏறத்தாழ பத்து. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரோ நூற்றுக்கணக்கான அறைகளைச் சரிக்கும். ஒரு சரிவின்போது எழும் சிற்றொளி பக்கத்து அறையைத் தூண்டிவிடுவதும் உண்டு. அதைக் குறைக்க அறைகளுக்கிடையே நுண்ணிய அகழிகளை வெட்டி ஒளிபுகாப் பொருளால் நிரப்புகிறார்கள்.

அன்றாடப் பயன்பாட்டில் இதைவிடத் தொல்லையானது வெப்பநிலை. சில்லின் முறிவு மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் இருபதிலிருந்து அறுபது மில்லிவோல்ட் வரை ஏறுகிறது. கொடுத்த மின்னழுத்தம் மாறாமல் இருக்க முறிவு நிலை மட்டும் ஏறினால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். பெருக்கமோ அந்த இடைவெளியைப் பொறுத்தது. டிகிரிக்கு 21.5 மில்லிவோல்ட் ஏறும் சில்லை 2.5 வோல்ட் இடைவெளியில் இயக்குவதாகக் கொள்வோம். காலையில் சரிபார்த்த கருவி உச்சிவெயிலில் 20 டிகிரி சூடேறினால் இடைவெளியில் 430 மில்லிவோல்ட் குறையும், பெருக்கம் ஆறில் ஒரு பங்கு இறங்கும், 662 இல் நிற்க வேண்டிய முகடு 550க்கு அருகே போய் நிற்கும். கதிரியக்கத் தனிமத்தையே தவறாக அடையாளம் காண இது போதும். ஆகவே சில்லுக்கு ஒட்டினாற்போல் ஒரு வெப்பநிலை உணரியை வைத்து, அது சொல்வதற்கேற்ப மின்னழுத்தத்தை உடனுக்குடன் ஏற்றி இறக்கும் சுற்று இன்றியமையாதது. படிகம் தரும் ஒளியும் வெப்பநிலையால் மாறுவதால், சில்லை மட்டும் திருத்தினால் வேலை முடிந்துவிடாது, இணையைச் சேர்த்தே திருத்த வேண்டும்.

அறைகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருப்பதால் வரும் சிக்கலைக் கன்னியாகுமரிக் கரையின் மணல் நன்கு காட்டும். மணவாளக்குறிச்சிப் பகுதியின் மோனசைட் மணலில் உள்ள தோரியத்தின் வழித்தோன்றல்கள், 239, 583, 911 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முகடுகளையும், எல்லாவற்றுக்கும் மேலாக 2614 இல் தாலியம்-208 இன் முகடையும் தருகின்றன. அறையொன்று ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களைப் பெற்றால் ஒன்றாகவே எண்ணப்படும். 22,000 அறைகளில் 5,000 சரிவுகளுக்குப் போதுமான ஒளி ஒரே கணத்தில் விழுந்தால் உண்மையில் சரிவன 4,470. அதைப்போல் நான்கு மடங்கு ஒளி விழுந்தால் சரிவன 20,000 ஆக இருக்காது, ஏறத்தாழ 13,100தான். 662 இல் அளவுகோலைச் சரிசெய்துவிட்டு, அதே கோட்டை நேராக நீட்டி 2614ஐத் தேடினால், முகடு அதற்கு முன்பே எங்கோ நின்றுவிட்டிருக்கும். மெதுவாக ஒளிரும் படிகத்தில், சரிந்த அறை மீண்டெழுந்து அதே துடிப்பிலேயே மறுமுறை சரிய முடிவதால் இந்தக் குறை தணிகிறது. வேகம் தேவைப்படாத நிலச்சுற்றாய்வுக்குச் சீசியம் அயோடைடு இன்றும் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். லுட்டீசியப் படிகத்தை அங்கே கொண்டுபோவது பொருந்தாது. லுட்டீசியம்-176 என்னும் இயற்கைக் கதிரியக்க ஓரிடத்தான் அதற்குள்ளேயே இருந்துகொண்டு 202, 307 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்களை ஓயாது வெளியிடுகிறது.

அதே லுட்டீசியப் படிகம் மருத்துவமனையில் தன் இடத்தைப் பெறுகிறது. பாசிட்ரான் உமிழ்வு வரைவியலில், நோயாளியின் உடலில் செலுத்திய மருந்திலிருந்து வெளிப்படும் பாசிட்ரான் எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும்போது, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. இரண்டும் வந்துசேரும் நேரங்களின் வேறுபாட்டை அளந்தால், அவை இணைக்கும் கோட்டில் எந்த இடத்தில் பிறந்தன என்பதைக் கணிக்கலாம். 40 நானோ நொடியில் தணியும் இப்படிகத்தையும் சிலிக்கான் ஒளிப்பெருக்கியையும் இணைத்த கருவிகள் 214 பைக்கோ நொடி வரை நேரத்தைப் பிரிக்கின்றன. அந்நேரத்தில் ஒளி கடக்கும் தூரத்தில் பாதியான 3.2 சென்டிமீட்டருக்குள் இடம் குறுகிவிடுகிறது. காந்தப்புலத்தைக் கண்டு அஞ்சாத சிலிக்கான் வந்த பிறகே, இந்த வரைவியலையும் காந்த ஒத்ததிர்வு வரைவியலையும் ஒரே கூண்டுக்குள், ஒரே நேரத்தில் எடுப்பது நடைமுறைக்கு வந்தது. 2010இல் வந்த முழு உடல் கருவியில் சரிவு ஒளி டையோடுகளும், பின்னர் வந்தவற்றில் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகளும் இடம்பெற்றன.

சிலிக்கான் ஒளிப்பெருக்கியின் சிறுமையும் சிக்கனமும் விண்வெளியில் யாரும் எதிர்பாராத வாய்ப்பைத் தந்தன. 2021 மார்ச் 22 அன்று ஏவப்பட்ட ஜிஆர்பிஆல்ஃபா என்னும் செயற்கைக்கோள் பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரம்தான். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஜப்பான் முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் இணைந்து அமைத்த அதன் கருவி, 75 மில்லிமீட்டர் பக்கமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட ஒரு சீசியம் அயோடைடு பலகையும் அதன் விளிம்பில் சில சிலிக்கான் ஒளிப்பெருக்கிகளும் மட்டுமே. 2022 அக்டோபர் 9 அன்று, ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து பூமியை அடைந்த ஒரு காமா வெடிப்பு, அதுவரை பதிவானவற்றிலெல்லாம் பொலிவு மிக்கதாக இருந்தது. பெரிய விண்கருவிகள் பல அதன் உச்சத்தில் தெவிட்டுநிலை அடைந்து எண்ண முடியாமல் திணறின. இந்தச் சிறு பலகையோ தெவிட்டாமல் அந்த உச்சத்தை அளந்து கொடுத்தது. பரப்பு சிறிதாக இருந்ததே அங்கே நன்மையாயிற்று.

விண்ணில் அதற்கு ஒரு விலையும் உண்டு. புவியின் காந்தப்புலத்தில் சிக்கிய புரோட்டான்கள் சிலிக்கான் படிகத்தின் அணுக்களை இடம்பெயர்த்துக் குறைகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு குறையும் வெப்ப எலக்ட்ரான்கள் பிறக்கும் புதிய ஊற்று. ஒளி டையோடில் இது கசிவு மின்னோட்டத்தைச் சற்றே ஏற்றுவதோடு நின்றுவிடும். ஒவ்வோர் எலக்ட்ரானையும் பல லட்சமாகப் பெருக்கும் சில்லில், வெற்றுச் சரிவுகள் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போய், கீழ் ஆற்றல் எல்லையை மேலே தள்ளுகின்றன. ஈயக் கவசம் போர்த்துவது, சில்லைக் குளிரூட்டுவது, இயக்க மின்னழுத்தத்தைக் குறைப்பது ஆகியவை இதைத் தணிக்கக் கையாளப்படும் வழிகள். பத்து டிகிரி குளிர்வித்தால் வெற்றுச் சரிவுகள் ஏறத்தாழ பாதியாகின்றன என்பதால் குளிரூட்டலுக்குப் பயன் அதிகம், ஆனால் சிறு செயற்கைக்கோளில் அதற்கான மின்சாரம் எளிதில் கிடைப்பதில்லை.

நிலத்தில் நிலைமை வேறு. இங்கே உணரி இப்போது போதிய தரத்தை எட்டிவிட்டது. தொடக்கத்தில் பார்த்த 605, 662 முகடுகளைப் பிரிப்பதற்குத் தேவையான 7 விழுக்காட்டுப் பகுதிறனை (முகடின் அகலம் அதன் ஆற்றலில் 7 விழுக்காடு) சோடியம் அயோடைடும் சீசியம் அயோடைடும் சிலிக்கான் ஒளிப்பெருக்கியுடன் இணைந்து தருகின்றன. எண்ணிக்கையின் புள்ளியியலை மட்டும் பார்த்தால், சில ஆயிரம் ஃபோட்டான்கள் பிடிபடும்போதே 3 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும். எட்ட முடியாததற்குக் காரணம் படிகத்துக்குள் இருக்கிறது: அதன் ஒளி, படிந்த ஆற்றலுக்கு மிகச் சரியான நேர்விகிதத்தில் எழுவதில்லை. ஒரே 662 கதிர் ஒரே மோதலில் நின்றால் ஓரளவு ஒளியும், மூன்று மோதல்களாகச் சிதறி நின்றால் சற்றே வேறுபட்ட அளவு ஒளியும் தருகிறது. எவ்வளவு நல்ல சில்லை ஒட்டினாலும் இந்த வேறுபாட்டை நீக்க முடியாது. சீரியம் கலந்த லாந்தனம் புரோமைடில் இந்த நேர்விகிதம் மிகவும் செம்மையாக இருப்பதால் 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்க முடிகிறது. ஆனால் அது ஈரத்தைக் கண்டால் கரைவது, விலை மிக்கது, லாந்தனம்-138 இன் கதிரியக்கத்தைத் தன்னுள் சுமப்பது. அந்தச் செம்மையைக் குறைந்த விலையிலும் சொந்தக் கதிரியக்கம் இல்லாமலும் தரும் படிகத்துக்கான தேடலே இத்துறையில் இப்போது முன்னிற்கும் வேலை.